வெள்ளம் வந்த ஆலை

உலக நாகரிகத்தையே சுழற்றியது நீர்ச்சக்கரம்தான் என்று மைக்கில் முழங்கினார் ஆலைப் பாதுகாப்புக் குழுத் தலைவர் ஜான்ரோஸ். அவருக்குப் பின்னால் பழைய மாவு ஆலையின் சக்கரம் அசையாமல் நின்றது. பேச்சிப்பாறை அணையை அடைத்திருந்ததால் கால்வாயில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. இன்று சக்கரம் ஓடாவிட்டால் ஆலையை இடித்துவிடலாம் என்ற உத்தரவோடு எதிரே உட்கார்ந்திருந்தார் கும்பகோணத்துக்கார அதிகாரி.

"ஏட்டி ரெஜிலா, அந்த ஆட்டையாவது பத்தி விடு," என்றார் ஜான்ரோஸ், மைக்கை அணைக்க மறந்து.

"அது ஒண்ணுதான் மாமா உங்க பேச்சக் கேட்டுட்டு நிக்கு," என்றாள் குழுச் செயலாளரான அக்கா மகள்.

அப்போது சக்கரம் சுற்றத் தொடங்கியது. கல் உறுமியது. சடங்குக்காகக் கொட்டி வைத்திருந்த பச்சரிசி மாவாக விழுந்தது. சக்கரப் பலகைகளிலிருந்து நீர் கொட்டியது. கீழே கால்வாய் காய்ந்தே கிடந்தது, ஆடு தலைநிமிரவில்லை.

"மாமா, வெள்ளம் வந்துட்டு!" என்று கத்தினாள் ரெஜிலா.

இந்தப் பக்கம் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். கும்பகோணத்தில் அது ஊரைக் கொண்டுபோவது. அதிகாரி மேசைமேல் தாவி ஏறினார். அங்கே நின்றபடியே, ஆலையை இடிக்கக் கூடாதென்று கையெழுத்திட்டார்.

சரவெடி வெடித்தார்கள். ஜான்ரோஸைத் தோளில் தூக்கினார்கள். அந்த மாவில் புட்டு அவித்து ஊரே தின்றது.

மேசையிலிருந்து இறக்கியபோது அதிகாரியின் கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது.