தாளாளரின் இடது கை

நர்சிங் காலேஜில் நூற்றுக்கு நூறு பேரையும் பாஸ் ஆக்குவது எப்படி, தெரியுமா உங்களுக்கு?

ரொம்பச் சுலபம். ஃபெயிலாகிற மாதிரி இருக்கிற பிள்ளையைப் பரீட்சைக்கே விடக்கூடாது.

படப்பைப் பக்கம் காலேஜ் நடத்தும் தாளாளர் சுப்பராயலுவுக்கு இந்த வித்தை அத்துப்படி. இந்த வருஷம் அவர் ஓரங்கட்டியது ஜென்சியை.

"மாடல் எக்ஸாம் மூணுலயும் கோட்டை விட்டுட்டியேம்மா. ஜிஎஸ்டி ரோட்ல நூறு பர்சன்ட்னு பேனர் வைக்கணும். உன் ஒருத்தியால தொண்ணூத்தெட்டுன்னு வைக்கச் சொல்றியா? அடுத்த வருஷம் எழுதிக்கோ. ஹால் டிக்கெட் என்கிட்டயே இருக்கட்டும்."

"சார், அப்பா அடுத்த மாசம் ரிட்டயர்டு ஆகுறாரு சார். இந்த வருஷமே முடிச்சு வேலைக்குப் போகணும். இங்கிலீஷ்ல எழுதத்தான் சார் லேட்டாகுது. எப்படியும் எழுதிடுவேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவீங்க. போம்மா."

மற்ற பிள்ளைகளுக்கு ரெண்டு மாசமாக ஸ்பெஷல் கிளாஸ். காலையிலிருந்து சாயந்தரம் வரைக்கும் கேள்வி பதில் மனப்பாடம். 'இவளுக்கு எதுக்கு கிளாஸ்?' என்று ஜென்சியை மட்டும் ஆஸ்பத்திரி வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊசி குத்துவது, ரத்தம் எடுப்பது என்று எல்லோருடைய டியூட்டியும் அவள் தலையில்.

எழுத்துத் தேர்வு அடுத்த வாரம். முதலில் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளராக ரத்தினபாய் மேடம் வந்து இறங்கினார். சுப்பராயலு மட்டன் பிரியாணியோடு காத்திருந்தார். மேடம் மறுக்கவில்லை. இன்னொரு முட்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"மேடம் விழுந்துட்டாங்கடி!" என்று கண்ணடித்தாள் கிளாஸ் ஃபர்ஸ்ட் சினேகா.

தட்டு எடுக்க வந்திருந்த ஜென்சி அதைக் கேட்டுக்கொண்டே எச்சில் தட்டுகளை அடுக்கினாள்.

மேடம் ஏப்பம் விட்டபடி கேட்டார்: "உங்க பிள்ளைங்க எப்படி சார்?"

"நூறு பர்சன்ட் சூப்பர் மேடம்! கண்ணைக் கட்டிவிட்டாலும் ரத்தம் எடுக்கும். நீங்க டெஸ்ட்டே பண்ண வேணாம். மார்க்கைப் போட்டுட்டுக் கிளம்பிக்கிட்டே இருங்க."

"அப்ப நல்லதாப் போச்சு. ரப்பர் பொம்மைக் கையில குத்தி என்னத்தக் கண்டோம்? நீங்க அந்தக் கட்டில்ல படுங்க சார். பிரியாணிக்கு அப்புறம் உங்க சுகர் எவ்வளவுன்னும் பார்த்துடலாம்."

"நா... நானா மேடம்?"

"நூறு பர்சன்ட்தானே? அப்புறம் என்ன பயம்?"

பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரிக்க, மனுஷன் வேறு வழியில்லாமல் படுத்து இடது கையை நீட்டினார். சினேகா ஊசியோடு முன்னால் வந்தாள். முழங்கையில் வைத்துப் பார்த்தாள், மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள்.

"ஏம்மா, நரம்பு எங்க இருக்குன்னு தெரியுமில்ல?" என்றார் சுப்பராயலு.

சினேகா கண்ணை மூடிக்கொண்டு இங்கிலீஷில் கடகடவென்று அரைப் பக்கம் ஒப்பித்தாள்.

"அது புக்குலம்மா! என் கையில எங்க இருக்கு?"

சினேகா ஊசியைப் பின்னால் நின்றவளிடம் நீட்டினாள். அவள் அடுத்தவளைக் கை காட்டினாள், அடுத்தவள் அதற்கடுத்தவளை.

"யாரு எடுக்கணும்னு நீங்களே சொல்லிடுங்க சார்," என்றார் மேடம், ரொம்ப மரியாதையாக.

சுப்பராயலுவின் கண்கள் ஒவ்வொரு முகமாகத் தாண்டி, கதவோரம் எச்சில் தட்டுகளோடு நின்றவளிடம் வந்து நின்றன.

"ஜென்சி... நீ வாம்மா."

ஜென்சி தட்டுகளைக் கீழே வைத்தாள். கையையும் கழுவிக்கொண்டாள். ஆனால் கிட்டே வரவில்லை.

"நான் எப்படி சார் எடுக்கிறது? என்கிட்ட ஹால் டிக்கெட் இல்லையே!"

"இப்பவே தரச் சொல்றேன்மா! எல்லா எக்ஸாமும் எழுதிக்கோ. முதல்ல இதுங்களைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, நீ வந்து எடும்மா தாயி!"