யாரும் கத்தவில்லை

"நீங்கள்லாம் மனுசங்கதானா? இல்ல மரமா?"

மைக்கைப் பிடித்துக்கொண்டு தென்னரசு சத்தம் போட்டார். கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்து ஊர் அது. தெருவில் உட்கார்ந்திருந்த நூறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. திண்டிவனத்திலிருந்து வேன் வைத்து வந்து, குழந்தைத் திருமணத்துக்கு எதிராக ஊர் ஊராக நாடகம் போடுகிறவர். எழுதியதும் அவரே.

நாடகத்தில் அப்பன் ரகசியமாகக் கல்யாணம் பேசி முடிப்பதை ஜனங்கள் முதலிலேயே பார்த்துவிடுவார்கள். மகளுக்கு மட்டும் தெரியாது. "ஹாஸ்டல்ல சேக்கறேன், வா" என்று அவன் கூப்பிட, சிரித்துக்கொண்டே கிளம்புவாள். மகளாக நடிக்க அந்தந்த ஊர்ப் பெண்ணையே பிடிப்பார். "நம்ம ஊட்டுப் புள்ளையா இருந்தாத்தான் உறைக்கும்" என்பார்.

மற்ற ஊர்களில் ஜனங்களுக்குப் பொறுக்காது. "போவாதம்மா! உங்கப்பன் பொய் சொல்றான்!" என்று யாராவது எழுந்து கத்திவிடுவார்கள்.

இங்கே பதினோராம் வகுப்பு ஆர்த்தி அவ்வளவு நன்றாக நடித்தாள். அப்படியும் ஒருத்தர் மூச்சு விடவில்லை.

"கண்ணு முன்னால ஒரு புள்ளையக் கெணத்துல தள்றான். வெக்கமா இல்ல?" என்று முடித்தார் தென்னரசு.

முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் சீனுவாசன் அவருக்குச் சால்வை போர்த்தினார். சுற்றுப்பட்டு பத்து ஊரிலும் நாடகத்துக்கு ஏற்பாடு செய்தவர் அவர்தான்.

வேனுக்குப் பின்னால் சவுரியம்மாள் நின்றிருந்தாள். கழனி வேலையிலிருந்து நேராக வந்தவள்.

"திட்டாதீங்க சார். எனக்கு வாயி வரைக்கும் வந்துச்சி."

"அப்புறம் என்னம்மா?"

"நெசமாவே ஆர்த்திக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம் சார். ஊருக்கெல்லாம் சொல்லியாச்சி. அதுகிட்ட மட்டும் அத்தை மவளுக்குக் கல்யாணம்னு சொல்லி வெச்சிருக்காங்க."

தென்னரசு குரலைத் தாழ்த்தினார். "அவ அப்பன் யாரு?"

"உங்களுக்குச் சால்வை போத்தினாரே, அவருதான். நடிக்க வேணாம்னா அதுக்குச் சந்தேகம் வந்துடும்னு உட்டுட்டாரு. அவங்க நெலத்துலதான் நாங்க பொழைச்சிக்கினு இருக்கோம், வாயத் தொறக்க முடியாது. நீங்க வெளியூரு. பேனர்ல 1098-னு போட்டிருக்கிற அந்தக் கொழந்தைங்க ஒதவி நெம்பருக்கு நீங்களே சொல்லிடுங்க சார். நல்லா படிக்கிற பொண்ணு."

அவர் போனை எடுத்தார். அவள் கும்பிட்டுவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் நழுவிப் போனாள்.

ஒன்று, பூஜ்யம், ஒன்பது வரை அழுத்தினார். இன்னும் ஒன்பது ஊர் பாக்கி. சீனுவாசன் முகம் சுளித்தால் ஒன்றுகூட நடக்காது. கை நின்றுவிட்டது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறினார்.

தெருமுனை தாண்டியதும் டிரைவர் கோபி கேட்டான்: "நாளைக்குப் பனமலை சார். அங்கயும் இப்படியே வாயத் தொறக்காம உக்காந்துக்கினு இருந்தாங்கன்னா?"

"விடமாட்டேன்" என்றார் தென்னரசு. "இதைவிட உறைக்கிற மாதிரி கேக்கறேன்."