கூடத்தில் இரண்டு பூட்டன்மார்

"தம்பி, இந்தப் படத்திலை இருக்கிறவர் ஆரெண்டு இந்த ஆக்களுக்குச் சொல்லும்" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

அங்கே வழிகாட்டியாக வேலை பார்க்கும் நிருபன் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"என்ரை பூட்டன். அப்பப்பாவின்ரை தேப்பன். அவரின்ரை மூக்கைப் பாருங்கோ. பிறகு என்ரை மூக்கைப் பாருங்கோ."

எல்லோரும் இரண்டு மூக்குகளையும் பார்த்தார்கள்.

ஊர்காவற்றுறையில் கடலைப் பார்த்தபடி நிற்கும் அந்தப் பழைய மாளிகையின் பெயர்ப்பலகையில் 'அரண்மனை' என்று இருந்தது. அதில் எந்த ராசாவும் இருந்ததில்லை. கட்டியவர் புகையிலை வியாபாரி. இப்போது மேல்மாடி ஹோட்டல், கீழ்க்கூடம் பழம்பொருள் காட்டும் நூதனசாலை. சுவர் வெறுமையாகக் கிடக்கிறதே என்று முதலாளி, காரைக்குடிப் பழைய சாமான் கடையில் தலைப்பாகை கட்டிய கனவான்களை மொத்தமாக வாங்கி வந்து தொங்கவிட்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அவர்களில் ஒருவரைத் தங்கள் பூட்டன் என்று கண்டுபிடித்து, கண்கலங்கி, செல்பி எடுத்து, அந்த உருக்கத்தில் மேல்மாடியில் ஓர் அறையும் எடுத்துத் தங்கிப் போனார்கள்.

"ஆர் என்ன சொன்னாலும் ஓம் எண்டு சொல்லும்." இது முதலாளியின் கட்டளை.

நிருபன் வரலாற்றில் சிறப்புப் பட்டதாரி. அவன் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆகவே வரலாறு பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தான்.

ஆனால் இன்று வந்தவர்கள் சுற்றுலாக்காரர் அல்ல. இறுப்பிட்டி ஆழ்வாப்பிள்ளையின் மகள் பிரியதர்சினி, கட்டினால் சுருவில் கிராமத்து மிரோஜனைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். மிரோஜன் வீட்டார் கடல்தொழில் செய்கிற வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள். இரண்டு வீட்டாரும் முதன்முதலாகச் சந்தித்துப் பேச, இந்த இடத்தைக் குறித்தவர் ஆழ்வாப்பிள்ளை. மாட்டேன் என்பதையும் அரண்மனையில் வைத்துச் சொன்னால் எடுப்பாக இருக்குமாக்கும் என்று நிருபன் நினைத்துக்கொண்டான்.

"இது எங்கடை பரம்பரை" என்று சுவரைக் காட்டினார் ஆழ்வாப்பிள்ளை. "உங்கடை பக்கத்திலை காட்டுறதுக்கு ஆரும் இருக்கினமோ?"

"அப்பா!" என்றாள் பிரியதர்சினி.

"கேக்கத்தானே வேணும் பிள்ளை? கலியாணம் எண்டால் நாலு பேர் விசாரிப்பினம்."

மிரோஜனின் தாய் மேரிசுகந்தி சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். நேரே பக்கத்துப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏன் இல்லாமல்? இந்தா இருக்கிறார். இவர் என்ரை பூட்டன்."

"அம்மா, பேசாமல் இருங்கோ" என்று மிரோஜன் கெஞ்சினான்.

"நீ சும்மா இரு. பெரியாக்கள் பரம்பரை கதைக்கிறம்."

ஆழ்வாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார்.

"நெத்தியிலை திருநீறெல்லே கிடக்கு?"

"வேதத்துக்கு வர முந்தி எடுத்த படம், ஐயா."

"கழுத்து நிறையச் சங்கிலி. இவ்வளவையும் போட்டுக்கொண்டோ வலை இழுத்தவர்?"

"படம் பிடிக்கிற அண்டைக்கு ஆர் வலை இழுக்கிறது? உங்கடை பூட்டன் மட்டும் உந்தத் தலைப்பாவோடையோ தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சவர்?"

ஆழ்வாப்பிள்ளை சிரிக்கவில்லை. நிருபனின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீர் படிச்ச பிள்ளை. நீரே ஒரு முடிவு சொல்லும். அவர் இவவின்ரை பூட்டனோ, இல்லையோ?"

இல்லை என்றால் கலியாணம் போகும். ஓம் என்றால் பொய். படத்தில் உள்ள இருவருமே இங்குள்ள யாருக்கும் பூட்டன் இல்லை என்றால் கலியாணத்தோடு வேலையும் போகும். பிரியதர்சினி அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, முதல் படத்திலை இருக்கிறவர் உங்கடை பூட்டன் எண்டதுக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கோ, இவர் இவவின்ரை பூட்டன் எண்டதுக்கும் அவ்வளவு இருக்கு. ஒண்டை ஏற்றுக்கொண்டால் மற்றதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேணும்."

சொல்லிவிட்டு, முதலாளியிடம் போகப்போகும் முறைப்பாட்டை நினைத்துக்கொண்டு நின்றான்.

ஆழ்வாப்பிள்ளை இரண்டு கனவான்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பக்கத்திலை பக்கத்திலை தொங்குகினம். அந்தக் காலமே ரெண்டு பேரும் நல்ல பழக்கம் போலை கிடக்கு" என்றார். "பிறகென்ன? ஒரு நல்ல நாளாய்ப் பாப்பம்."

பிரியதர்சினி அழுதுகொண்டே சிரித்தாள். மேரிசுகந்தி, "வாங்கோ, மேலை போய்த் தேத்தண்ணி குடிப்பம். இப்ப ரெண்டு பகுதிக்கும் இது சொந்த வீடெல்லே" என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படியேறினாள்.

ஆழ்வாப்பிள்ளை மட்டும் பின்தங்கினார். நிருபனுக்கு மனம் கேட்கவில்லை.

"மன்னியுங்கோ ஐயா. உண்மையிலை அந்தப் படங்கள்..."

"தெரியும் தம்பி. என்ரை பூட்டன் இந்த வளவிலை புகையிலைச் சிப்பம் தூக்கினவர். அவரை ஆர் நிப்பாட்டிப் படம் பிடிச்சது?"

நிருபன் திகைத்துப்போனான்.

"பிறகேன் அந்த அம்மாவை அப்பிடிப் போட்டு நெருக்கினனீங்கள்?"

ஆழ்வாப்பிள்ளை படிப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கலியாணத்துக்கு ரொறன்ரோவிலையிருந்து என்ரை அண்ணன்மார் வருகினம். வந்து இறங்கினவுடனை, 'மாப்பிளை ஆற்றை ஆக்கள், என்ன பரம்பரை?' எண்டுதான் கேப்பினம். அந்தப் பிள்ளையள் ரெண்டும் நிம்மதியாய் வாழ வேணும். அவ தானாய் ஒரு பூட்டனைப் பிடியாட்டி, அந்தச் சங்கிலிக்காரரை நானே அவவுக்குக் காட்டிக் குடுத்திருப்பன்."