பாஸ்டரின் சாட்சி

வேனில் ஏறும்போதே இளம் பாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "ஊழியத்துக்கு வந்துட்டா சொந்தபந்தம் கிடையாது. எல்லாரும் பிரதர், சிஸ்டர்தான்."

சமையலுக்கு வந்தவளும் எல்லாரோடும் சேர்ந்து தலையாட்டினாள்.

மலைமேல் மூன்று ஊர்களில் கூட்டம் நடந்தது. அவள் அடுப்படியே கதியென்று கிடந்தாள். நான்காவது ஊரில் சோறு சீக்கிரம் வெந்துவிட, கையைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

பாஸ்டர் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். குரல் தழுதழுத்தது.

"ஆறு வயசுல அம்மாவைப் பறிகொடுத்தேன். பசிக்குதுன்னு சொல்லக்கூட ஆளில்லை. தெருவுல கிடந்த என்னைக் கர்த்தர்தான் கையில எடுத்தார்!"

கூட்டம் விம்மியது. பக்கத்திலிருந்த, அவர்களோடு வேனில் வந்த நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள். "எத்தனை தடவை கேட்டாலும் அழுகை வருது, சிஸ்டர்."

"எல்லா ஊர்லயும் இதையேதான் சொல்றாரா?"

"இதைச் சொன்னாத்தானே ஜனங்க மனசு உருகுது!"

அவள் எழுந்து அடுப்படிக்கே போய்விட்டாள்.

பந்தியில் அவள்தான் பரிமாறினாள். பாஸ்டர் நிமிராமலே சொன்னார். "சாப்பாடு பிரமாதம், சிஸ்டர்."

அவள் குனிந்து இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"செத்தவ சமைச்சதுடா, மகனே" என்றாள் அவர் காதோரமாக. "பயப்படாம சாப்பிடு."