பாதி வலி

அன்று அறையில் இருந்தவர்கள் நால்வர்: தீக்காயத்துடன் படுத்திருந்த என் மனைவி வடிவாம்பாள், மருமகன் இளம்பரிதி, நர்ஸ் ஸ்டெல்லா, நான்.

வடிவாம்பாளுக்கு இதயம் பலவீனம். அதனால் மயக்க மருந்து கொடுக்காமலே தினமும் கட்டு மாற்றினார்கள். ஒரு வாரம் முழு வலியையும் அவளே பொறுத்தாள். இனி உறவினர் யாராவது வலியைப் பகிரும் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு பாதி வலியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“நான் வாங்கிக்கிறேன் மாமா” என்று மருமகன் சட்டைக் கையை மடித்தார்.

“நகருங்க மாப்பிள்ளை. எங்க வீட்டு வலியைச் சம்பந்தி வீட்டுப் பிள்ளை தலையில கட்டினோம்னு பேர் வரவா? எங்க குடும்பத்துல வலிக்குதுன்னு யாரும் வாய் திறந்ததில்லை. இவளைப் பாருங்க, ஒரு முனகல் உண்டா?”

ஸ்டெல்லா என் மணிக்கட்டில் பட்டையைக் கட்டினார்.

“கத்தணும்னு தோணுச்சுன்னா கத்திருங்க ஐயா.”

அவர் பழைய கட்டை உரிக்கத் தொடங்கினார்.

எல்லாம் முடிந்ததும் வடிவாம்பாள் என் கையைத் தடவிக்கொடுத்தாள்.

“உங்களுக்கு வந்தது பாதிதாங்க” என்றாள்.

அன்று வார்டு முழுவதும் கேட்ட அலறல் என் மருமகனுடையது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவர் வாயே திறக்கவில்லை. அலறியவன் நான்.