எட்டாயிரம் அடியில் ஒரு ஆட்டுக்கிடை

மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தார் நஞ்சுண்டன். எதிரே மலைச்சரிவு முழுக்க ஆடுகள், ஆயிரத்துக்குக் குறையாது. அத்தனை ஆட்டின்மேலும் அவருக்குத் தனித்தனியாகக் கோபம்.

சியரா மலையில் ஐந்து நாள் நடை, இன்று நான்காம் நாள். கலிஃபோர்னியாவின் சான் ரமோனில் சாப்ட்வேர் லீடாக இருக்கும் இந்த மனிதருக்கு மலையேறும் ஆசையெல்லாம் கிடையாது. அவருடைய வெள்ளைக்கார மேனேஜர் ஒரு மலைப் பைத்தியம். கிரீன் கார்டு பேப்பரில் கையெழுத்துப் போடுபவரும் அவரேதான். போட்டோ காட்டி அவரைக் குளிர வைக்கலாம் என்று இருநூறு டாலருக்கு பூட்ஸ் வாங்கி, மனைவி சண்முகப்ரியாவையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவசரம் அப்படி. ஹெச்-ஒன் விசாவில் இது ஆறாவது வருஷம், அதற்குமேல் நீட்டிக்க முடியாது. இந்தத் தொண்ணூற்றொன்பது நவம்பருக்குள் கிரீன் கார்டு வராவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். ஃபைலோ மூன்றரை வருஷமாக வரிசையில் நிற்கிறது.

குடிதண்ணீர் தீர்ந்ததால்தான் இந்தக் கிடையில் நிற்க வேண்டி வந்தது. ஆடு மேய்ப்பவர் பெரு நாட்டுக்காரர், ஸ்பானிஷ் மட்டும்தான் பேசுவார். வேலைக்குப் போக முடியாத விசாவில் ஐந்து வருஷம் வீட்டிலேயே கிடந்த ப்ரியா, பொழுது போகாமல் லைப்ரரி வகுப்பில் ஸ்பானிஷ் படித்திருந்தாள். அதைப் படித்து என்னத்தைக் கிழிக்கப் போகிறாய் என்று அப்போது நக்கலடித்தவர் இதே நஞ்சுண்டன்தான். இப்போது தண்ணீர் கேட்க அவளைத்தான் அனுப்பியிருந்தார்.

“தண்ணியைக் கேட்டமா, வந்தமான்னு இரு. ஆட்டுக்காரன்கிட்ட உனக்கென்ன கதை?” என்று பாறைமேல் இருந்தபடியே அதட்டினார்.

ப்ரியா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஆள் பாட்டில்களை நிரப்பிக் கொடுத்தார், காபியும் கொடுத்தார், பேச்சு நீண்டுகொண்டே போனது. நடுவில் ஒருமுறை திரும்பி நஞ்சுண்டனைத் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரைக்கும் பார்த்து, தலையை ஆட்டி ஏதோ சொன்னார். பூட்ஸைப் பார்த்து வாயைப் பிளக்கிறான் என்று எண்ணிய நம்மாள், காலை இன்னும் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டார்.

அவள் வந்ததும் பிரசங்கம் ஆரம்பமானது.

“அமெரிக்கா வரைக்கும் வந்து ஆடு மேய்க்கிறான் பாரு, வெக்கங்கெட்டவன். ஒரு பேப்பர் இருக்காது இவன்கிட்ட. இவனுங்களாலதான் படிச்சவன் ஃபைல் நகர மாட்டேங்குது.”

ப்ரியா பாட்டிலை இறுக்கி மூடினாள்.

“அவருக்குப் போன மாசமே கிரீன் கார்டு வந்துடுச்சுங்க.”

மேலே ஆடு மேய்க்க உள்ளூரில் ஆளே கிடைப்பதில்லையாம். அதனால் மூன்று வருஷம் முறையாக விசாவில் மேய்த்தவர்களுக்கு லேபர் டிபார்ட்மென்ட்டில் கிரீன் கார்டுக்குத் தனி வழி உண்டாம், பண்ணைக்காரரே அப்ளை பண்ணுவாராம். சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துக் காட்டினாராம். ப்ரியாவே கையில் வாங்கிப் பார்த்தாளாம்.

கைக்குட்டை மூக்கைவிட்டு இறங்கியது. எம்.சி.ஏ. படிப்பு, சனி ஞாயிறு பார்க்காத ஆறு வருஷ உழைப்பு, மேனேஜருக்கு அடித்த ஜால்ரா, எல்லாம் அவர் முகத்தில் வரிசையாக வந்து போயின. கொஞ்ச நேரம் ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாடைகூட இப்போது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

பத்து மைலுக்குத் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ப்ரியா, அவருக்கு இன்னொரு ஆள் வேணுமான்னு சும்மா கேட்டுப் பாரேன்.”

ப்ரியா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அதைத்தாங்க இவ்வளவு நேரம் கேட்டுட்டிருந்தேன். ஆடு மேய்க்கக்கூட நீங்க லாயக்கில்லையாம்.”