நூறடிக்கு ஒரு சண்டை

"இதான் உங்க ஊர்ல அஞ்சு நிமிஷமா?"

பரத்வாஜ் கைக்கடிகாரத்தை மெஹபூப் அலியின் மூக்குக்கு நேரே நீட்டினார். கிளம்பி முப்பது நிமிடம் ஆகியிருந்தது.

"சார், நடுவுல ரெண்டு இடத்துல நின்னு சண்டை போட்டீங்க. சண்டையைக் கழிச்சுட்டுப் பாருங்க, கரெக்டா அஞ்சு நிமிஷம்" என்றார் வீட்டுத் தரகர் மெஹபூப் அலி.

மயிலாப்பூரில் இருபது வருடமாக வீடு காட்டுகிறவர். இப்படி ஒரு பார்ட்டியை அவர் பார்த்ததில்லை.

பரத்வாஜ் டில்லியில் மத்திய சர்க்கார் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர். அங்கே குளிர் எலும்பைத் துளைக்கிற இரண்டு மாதத்தை மனைவி ஹம்சாவோடு இங்கே கழிக்க வந்திருந்தார். இப்போதைக்கு தி.நகரில் ஒரு லாட்ஜ். கேட்டது சின்ன வீடு, ஒரே நிபந்தனை. கோயில், கச்சேரி, காய்கறிக் கடை எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். ஆட்டோ என்ற பேச்சே கூடாது.

காலையிலிருந்து நாலு வீடு பார்த்தாயிற்று. நாலும் நடக்கிற தூரம்தான். ஆனால் மனிதர் நடந்தால்தானே!

இப்போதும் அதே கதை. மாட வீதியில் பூக்காரி பாஞ்சாலியிடம், "இது நேத்துப் பூ" என்று ஆரம்பித்தார்.

"இன்னா சார், கண்ணு தெரியலியா? பனி கூட காயாம கீது பாரு!"

"அது பனியில்லை. நீ தெளிச்ச தண்ணி."

பத்து நிமிடம். கடைசியில் பூ வாங்கவேயில்லை.

அடுத்த தெருவில் ஒரு வாசலில் 'வீடு வாடைக்கு விடப்படும்' என்று போர்டு. இவர்கள் பார்க்க வந்த வீடு கூட இல்லை. பரத்வாஜ் காலிங் பெல்லை அழுத்தி, தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரை எழுப்பினார்.

"சார், வீட்டை வாடகைக்கு விடறேளா, வாடை அடிக்க விடறேளா?"

விட்டுப்போன ஒரு 'க'வுக்காகக் கால் மணி நேரம் வாதம். ஹம்சா பாவம், பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பெண்டாட்டியைத் தெருவில் உட்கார வைத்துவிட்டு இந்த மனுஷனுக்கு என்ன வீம்பு என்று மெஹபூப் அலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால், சித்திரக்குளத்துப் பக்கம் இந்த ஐந்தாவது வீட்டுக்குள் ஹம்சா நுழைந்ததும், மெஹபூப் அலி வாசலிலேயே பெரிய கும்பிடாகப் போட்டார்.

"நம்மால ஆவாது சார். வேற ஆளைப் பாத்துக்குங்க. அம்மாவுக்கு மூச்சு வாங்குது, நீங்க பாட்டுக்கு ஊர் வம்பை எல்லாம் இழுத்துக்கினு..."

பரத்வாஜ் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அவரை கேட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

"மெதுவாப் பேசுங்க பாய். மார்ச்சில அவளுக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆச்சு. நூறடிக்கு மேல சேர்ந்தாப்ல நடக்கக் கூடாது. சித்த உட்காருன்னு சொன்னா, 'என்னை நோயாளி ஆக்கிட்டேளே'ன்னு அழறா. ஆட்டோன்னாலும் அதே அழுகை. அதான் சண்டை. நான் சண்டை போட ஆரம்பிச்சா, அவளே உட்கார்ந்துடுவா."

மெஹபூப் அலி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அதனால எனக்கு வீடு மட்டும் போறாது. கோயிலுக்குப் போற வழியில, நூறடிக்கு ஒருத்தர் சண்டைக்குத் தோதா இருக்கணும்."

தண்ணீர் வசதி கேட்டிருக்கிறார்கள், காற்றோட்டம் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. மெஹபூப் அலி யோசித்தார்.

"அப்படின்னா இந்த வீடேதான் சார். முனையில இஸ்திரிக்காரர், மகா முன்கோபி. அவரைத் தாண்டினா டெய்லர். வாயைக் குடுத்தா விடமாட்டார். அப்புறம் பாஞ்சாலி. அவளுக்கு நீங்க பத்தவே மாட்டீங்க!"

பரத்வாஜின் முகம் மலர்ந்தது. "பேஷ்! இருங்க, இஸ்திரிக்காரரைப் பார்த்துட்டு வந்துடறேன்."

மெஹபூப் அலி உள்ளே போனார். ஹம்சா சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, சாருக்கு வீடு பிடிச்சிருக்கு."

"நல்லதாப் போச்சு. என் ஹார்ட்டைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"சேச்சே, ஒண்ணுமே சொல்லலைம்மா."

"வீட்டுத் தரகரா இருந்துண்டு, பொய் சொல்ல வரலையே பாய் உங்களுக்கு!"

மெஹபூப் அலி அசடு வழிந்தார். "கவலைப்படாதீங்கம்மா. அங்கங்க உட்கார்ந்து நிதானமா நடங்க. எல்லாம் சரியாயிடும்."

"செப்டம்பர்லயே சரியாயிடுத்து. 'இனிமே மலை கூட ஏறலாம்'னார் டாக்டர். அவர் அதைச் சொல்றச்சே இவர் வெளியில வார்டு பாயோட சண்டை போட்டுண்டிருந்தார். காதுல விழலை. நானும் சொல்லலை."

மெஹபூப் அலி திகைத்துப்போனார். "ஏம்மா?"

தெருமுனையிலிருந்து பரத்வாஜின் குரல் கணீரென்று கேட்டது. "இது இஸ்திரியாய்யா? சட்டை பூரா ரோடு போட்டு வெச்சிருக்கீர்!"

ஹம்சா அதை ரசித்துக் கேட்டார்.

"ரிடையர் ஆனப்புறம் ரெண்டு வருஷம் நாற்காலியில உட்கார்ந்து சுவரையே பார்த்துண்டிருந்தார் பாய். நாளைக்கு நாலு வார்த்தை பேசினா அதிகம். நான் ஆஸ்பத்திரியில படுத்தப்புறம்தான், எனக்கு நல்ல தலகாணி கேட்டு முதல் சண்டை போட்டார். அன்னிக்குத்தான் பழைய மனுஷனைப் பார்த்தேன்."

வாசலில் செருப்புச் சத்தம். ஹம்சா சட்டென்று குழாயை மூடிவிட்டு, நிலைப்படியில் உட்கார்ந்து, தலைப்பால் விசிறிக்கொண்டே ரகசியமாகச் சொன்னார்.

"நான் மூச்சு வாங்கினாத்தான் பாய், அவர் மூச்சு விடறார்."